எழுதாத தாளில் ஒரு ரவுண்டு சீல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஓர் உரக்கடைக்கு மேலே எங்கள் சங்கத்துக்கு ஓர் அறை இருந்தது. ஊராட்சி மன்றத் தலைவர்கள் சங்கம். கீழே சமவெளியில் இருக்கிற ஊராட்சிகளும், கல்வராயன் மலைமேல் இருக்கிற ஊராட்சிகளும் சேர்ந்தது. நான் அதற்குச் செயலாளர். தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளித் தள்ளிப் போன அந்த வருஷங்களில் சங்கத்தில் உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது. தலைவர்கள் இருந்தால்தானே தலைவர்கள் சங்கம்? நானே முன்னாள்தான். ஆனாலும் காலை பத்து மணிக்குப் போய் அறையைத் திறந்துவிடுவேன். திறக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் திறந்தேன்.

உரக்கடைக்காரர் கீழே இருந்தே குரல் கொடுப்பார்.

"இன்னா செயலாளரே, இன்னிக்குக் கூட்டமா?"

"ஆமாங்க. ஆள் சேர்ந்துடுச்சு. நானும் ஃபேனும்."

அவர் சிரிப்பார். அன்றைக்கு நான் பேசிய பேச்சு அநேகமாக அதோடு முடிந்துவிடும். வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகள் ஓசூரில். நான் பேச்சிலேயே வளர்ந்தவன், பாருங்கள். கரும்பு வெட்டுகிற கும்பலில் போய்க்கொண்டிருந்தபோது வரிசையில் யார் பக்கத்தில் நிற்பது என்று எனக்காகச் சண்டை நடக்கும், பேச்சுத் துணைக்கு. அப்படிப்பட்டவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தையோடு படி இறங்கி வருவேன்.

சங்கத்துக்கு இன்னா வேலை என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ரேஷன் கார்டு வாங்கித் தருவோம் என்று நினைத்துச் சிலர் வருவார்கள். கோர்ட்டு என்று நினைத்து அண்ணன் தம்பிப் பாகப்பிரிவினையைக் கொண்டு வந்தவர்களும் உண்டு. நான் இப்படித்தான் சொல்வேன்: உங்கள் ஊர் பல்பு எரியவில்லை என்றால் அது உங்கள் ஊராட்சி வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதுதான். ஆனால் உங்கள் ஏரிக்கு வருகிற வாய்க்கால் மூன்று ஊராட்சியைத் தாண்டி வருகிறது. நடுவில் இருக்கிற ஊர் தூர் வாரவில்லை என்றால் உங்கள் தலைவர் அங்கே போய் மண்வெட்டி போட முடியுமா? பஸ் ஏழு ஊராட்சி வழியாக ஓடுகிறது. ஒரே ஊர் போய்க் கேட்டால் கொடுப்பார்களா? இப்படி ஒருவர் எல்லைக்குள் அடங்காத விஷயங்களுக்குத்தான் சங்கம். புதிதாக ஜெயித்து வந்த பெண்களுக்கு எந்த நோட்டில் எதை எழுதுவது, கூட்டத்தை எப்படிக் கூட்டுவது, வீட்டுக்காரரை வாசலோடு நிறுத்துவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுப்போம். ஒரு தலைவரை ஆபீசில் மரியாதை இல்லாமல் பேசிவிட்டால் மறுநாள் பத்துப் பேராகப் போய் நிற்போம். அப்போது கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்தில் இருந்தது. வேனில் போவோம்.

அதிகாரம் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. மேலே இருப்பவர்கள் "நீங்கல்லாம் சேர்ந்து என்ன சொல்றீங்க?" என்று கேட்டால் எங்களிடம் ஒரே பதில் இருக்க வேண்டும். அந்த ஒரே பதிலைத் தயார் பண்ணுவதுதான் செயலாளர் வேலை. எட்டாவதோடு நின்றவன் நான். 'மேற்படி', 'ஆட்சேபணை', 'பணிந்து சமர்ப்பிக்கிறோம்' எல்லாம் ஆபீஸ் காகிதங்களை வாய்விட்டுப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டவை. சங்கராபுரம் பக்கத்துத் தலைவர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொல்வார்: "என் ஊருக்கு ரோடு போட்டா பக்கத்து ஊரான் வண்டி ஓட்டறான். அவன் ஊருக்குப் போட்டா நான் ஓட்டறேன். அப்புறம் இன்னாத்துக்குப்பா சண்டை?" சொல்லி உட்கார்ந்த கையோடு, முதல் சண்டையை அவர்தான் ஆரம்பிப்பார்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மலை ஊராட்சித் தலைவர் ஒருவர் ஒரு கையெழுத்துக்காகக் கீழே இறங்கி வருவதென்றால் ஒரு முழு நாள் போய்விடும். காலை பஸ்ஸை விட்டால் அடுத்த நாள். அதனால் கூட்டத்துக்கு வரும்போதே ஊராட்சி லெட்டர் பேடில் மூன்று நான்கு தாள் கிழித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, ரவுண்டு சீலும் வைத்து, மேலே ஒன்றும் எழுதாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தேவைப்படும்போது விஷயத்தை நான் எழுதிக்கொள்வேன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றவும் இல்லை. சொல்லப்போனால் மரியாதை மாதிரி. யார் யார் தாள் செயலாளர் பையில் இருக்கிறது என்பதை வைத்து அவருக்கும் எனக்கும் எவ்வளவு நெருக்கம் என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. ஊருக்கு ஒரு கிளிப் போட்டு பிளாஸ்டிக் ஃபைலில் வைத்திருந்தேன்.

மலையில் கடைசியாக இருக்கிற ஓர் ஊரிலிருந்து ஓர் அம்மா தலைவராக வந்தார். அவர் ஊராட்சியில் இருந்த ஊர்களில் அவருடைய ஊர்தான் பஸ் போகாத ஊர். முதல் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டுக் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பெரிய மனுஷத் தோரணையில் எழுந்து போய், "தலைவரம்மா, நாற்காலி உங்களுக்குத்தாங்க. தயங்காம ஒக்காருங்க" என்றேன்.

"தெரியுதுங்கண்ணா. அது ஒரு காலு ஆடுது. அதான் ஒக்காரல."

ஆட்டிப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. அறையே சிரித்தது.

அன்றைக்குப் போகும்போது நான்கு தாள் கொடுத்தார். "ரெண்டு தண்ணிக்கு வச்சிக்கங்க, ஒன்னு ரோட்டுக்கு, ஒன்னு சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கறதுல கண்டத எழுதிடாதீங்கண்ணா" என்றார். இந்தப் பேச்சை நான் ரசித்து ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ரோட்டுப் பிரிவு வரைக்கும் வந்து திரும்புகிற பஸ், அங்கிருந்து இடது பக்கம் திரும்பி அவர் ஊருக்கு வர வேண்டும். பிரிவிலிருந்து அவர் ஊர் ஆறு கிலோமீட்டர். பிரசவத்துக்குப் பெண்களைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வலது பக்கம் போனால் இன்னோர் ஊராட்சி. ரோடு நன்றாக இருக்கும், வீடுகளும் அதிகம். அந்த ஊர்த் தலைவரும் பஸ் கேட்டார். இரண்டு வருஷம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கடைசியில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது: நீட்டிப்பதென்றால் ஒரு வழிதான். அது எந்த வழி என்று எல்லா ஊராட்சியும் ஒத்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஓர் ஊராட்சி ஆட்சேபணை சொன்னாலும், கடிதம் வராவிட்டாலும், ஃபைல் திரும்பிப் போய்விடும்.

கடிதம் கொடுக்க வேண்டிய கடைசி நாளில் கூட்டம் போட்டேன். மூன்று நாளாக மலையில் மழை. மண் சரிந்து ரோடு அடைபட்டு, அந்த அம்மா வரவில்லை. அவர் ஊரில் போனுக்கு டவர் கிடையாது. வலது பக்கத்துத் தலைவர் முதல் நாளே இறங்கி வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். டீ வந்தது, வடை வந்தது. மணி மூன்றாயிற்று.

"செயலாளரே, அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவான்."

"அந்தம்மா இல்லாம எப்படிங்க? அவங்க ஊரு விஷயமாச்சே."

"இல்லாம இன்னா? உங்ககிட்டதான் அவங்க பேப்பர் இருக்குதே."

யாரும் அதட்டவில்லை. எல்லோரும் என் பையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். சங்கராபுரத்துக்காரர் சமாதானமாகச் சொன்னார்: "இப்போ ரைட்ல விடட்டும்யா. பஸ்ஸு அவ்ளோ தூரம் ஏறிட்டா, அடுத்த வருசம் லெப்ட்ல ஒன்னு கேட்டு வாங்கிடலாம். எதுவுமே வராம போறதுக்கு இது தேவலாம்ல?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்பதற்குத்தானே நான் இருக்கிறேன்? தாளை எடுத்தேன். 'மேற்படி பேருந்தை வலதுபுற வழித்தடத்தில் நீட்டிக்க எங்கள் ஊராட்சிக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.' என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாகவே வந்தது. அவருடைய சீலுக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு முடித்தேன்.

பஸ் வலது பக்கம் போயிற்று. முதல் நாள் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, என்னையும் அழைத்துப் போனார்கள். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். பிரிவில் பஸ் திரும்பும்போது இடது பக்கத்து மண் ரோட்டைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்த அம்மா கூட்டத்துக்கு வரவில்லை. கண்டக்டரிடம் இரண்டு முறை சீட்டு கொடுத்தனுப்பினேன். பதில் இல்லை. 'அடுத்த வருஷம்' கேட்ட பஸ்ஸும் வரவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம். பஸ்தான் இருந்ததே! போகவில்லை. பதவிக்காலம் முடிந்தது. ஒவ்வொருவராக வந்து ஃபைலிலிருந்த தங்கள் வெறும் தாள்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர் தாள் மட்டும் ஒன்று கிளிப்பிலேயே இருந்தது. வேலை இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொல்லத் தெரியவில்லை. பீரோவுக்குள் வைத்தேன். பீரோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு நாள், மனு எழுத வேண்டும் என்று அந்த அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் மேலே ஏறி வந்தார். எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த ஆளை விட மனசில்லாமல் டீ வாங்கிக் கொடுத்து, பேச்சோடு பேச்சாகத் தலைவரம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்குது. யாரும் அத கூப்புடறதில்ல."

"ஏங்க?"

"ஏன்னா? பஸ்ஸ பக்கத்து ஊருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துடுச்சில்ல. யூனியன் ஆபீஸ்ல பேப்பரயே காட்டுனாங்க, சீலோட. இன்னா வாங்குச்சோ யாரு கண்டது. சாமை அறுப்புக்குக்கூட யாரும் போறதில்ல. தனியாவே அறுத்துக்கினு கெடக்குது."

மலையில் அறுப்புக்குக் கூலி ஆள் வைப்பது குறைவு. இன்றைக்கு உன் காட்டுக்கு நான் வந்தால், நாளைக்கு என் காட்டுக்கு நீ வர வேண்டும். அப்படியே வரிசையாக முடித்துவிடுவார்கள். அந்த வரிசையிலிருந்து ஒரு வீட்டை விட்டுவிட்டார்கள் என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். மூன்று அறுப்பு அப்படிப் போயிருக்கிறது.

"அந்தம்மா ஒன்னும் சொல்லலீங்களா?"

"இன்னா சொல்லும்? வாயே தொறக்கல."

மறுநாள் அறையைத் திறக்கவில்லை. காலை பஸ்ஸில் ஏறி, அந்தப் பிரிவில் இறங்கி நடந்தேன். ஆறு கிலோமீட்டர் என்று எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறை நடந்தேன்.

அவர் காட்டில்தான் இருந்தார். முக்கால்வாசி அறுக்காமல் நின்றது. சில இடத்தில் கதிர் முற்றிச் சாய்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"வாங்கண்ணா. பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?"

நான் தாளை எடுத்து நீட்டினேன். வேறு எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாங்கிப் பார்த்தார்.

"ஒன்னு மிச்சமா?"

"நான்தாம்மா எழுதினேன்."

"தெரியுமே. அந்தக் குண்டு எழுத்து வேற யாருக்கு இருக்குது?"

"அப்புறம் ஏம்மா ஊர்ல சொல்லல?"

அவர் ஒரு பிடி அறுத்துப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "இன்னான்னு சொல்றது? வெறும் பேப்பர்ல கையெழுத்து வச்சி, சீல் வச்சி, எவனோ ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு வந்தேன்னா? பஸ்ஸ வித்துட்டாள்னு சொன்னாகூட காரியக்காரின்னு ஆவுது. இதச் சொன்னா முட்டாள்னு இல்ல ஆவுது. இனிமே இந்த ஊர்ல ஒரு பொம்பளையத் தலைவரா நிக்க வைப்பாங்களா?"

இத்தனை நாள் நான் என் தப்பை மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதைத் தன் தலையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் ஊர்ல சொல்லிடறேம்மா. மலைத் தலைவருங்க எல்லாருமே அப்படித்தான் குடுத்தாங்கன்னும் சேர்த்துச் சொல்றேன். ஆம்பளைங்களும்தான் குடுத்தாங்க."

அவர் அந்த வரிசை முடியும் வரைக்கும் அறுத்தார். அப்புறம், "சொல்றதா இருந்தா முழுசா சொல்லுங்க. நடுவுல இனிப்பு தடவாதீங்க" என்றார். தாளை நான்காக மடித்து, காட்டோரம் கஞ்சிப் பானை கொதித்துக்கொண்டிருந்த மூன்று கல் அடுப்பில் செருகினார்.

சாயங்காலம் காட்டிலிருந்து ஆட்கள் திரும்புகிற நேரத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் நின்று சொன்னேன். ஊருக்குப் பெரியவரான ஊர்க்கவுண்டர் கல்லில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் நின்றார்கள். வெறும் தாள், பழக்கம், கடைசி நாள், வடை தின்றது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஊர்க்கவுண்டர் கேட்டார்: "உங்க சங்கத்துல எல்லா ஊருக்கும் இப்படித்தான் எழுதுவீங்களா?"

"மலை ஊருங்களுக்கு அப்படித்தாங்க."

"அப்போ நாங்க கேட்டதா இதுவரிக்கும் போனதுல எது நாங்க கேட்டது, எது நீங்க கேட்டது?"

எழுதிய மனுக்களை மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். இன்றைக்கும் பிரித்து முடியவில்லை.

பின்னாலிருந்து ஒரு பெண், "பஸ்ஸு இப்போ வருமா, வராதா? அதச் சொல்லச் சொல்லு" என்றாள்.

"வராதும்மா. நான் சொன்னா கேக்கற எடத்துல இப்போ யாரும் இல்ல. மறுபடி தலைவருங்க வந்து, அவங்க கேட்டாத்தான்."

"அதுக்கு இவ்ளோ தூரம் நடந்து வந்தியா?" சிலர் சிரித்தார்கள். தலைவரம்மா சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் நின்றிருந்த ஒரு வயசான அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்து, "மூணு வருசமா சொல்லாம இருந்தியேடி" என்றாள். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லாமலே கலைந்தது.

ஊர்க்கவுண்டர் மட்டும் எழுந்து போகும்போது நின்று, "அரிவா புடிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார்.

"கரும்பு வெட்டியிருக்கறேங்க."

"இது கரும்பு இல்ல. காலைல வா."

பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் காட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் அழைத்ததாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு சாலாக வரிசை பிரித்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். எனக்கு ஓரத்தில் ஒரு சால் கொடுத்தார்கள். கரும்பை அடியில் ஒரே வீச்சில் வெட்டிப் பழகிய கைக்கு இந்த மெல்லிய சாமைத் தாள் பிடிபடவில்லை. அவர்கள் பாதிக்கு மேல் போன பிறகும் நான் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, முதலில் எனக்குத்தான் கொடுத்தார்கள். குடித்த பிறகு அவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் என் சாலுக்குத் திரும்பினேன்.

அறுக்க அறுக்க அவர்கள் அந்த அம்மாவிடம் பேச ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்துச் செய்தி. யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஆட்டை நரி தூக்கியது, யார் மகன் கேரளா போய்த் திரும்பவில்லை, எந்த வீட்டில் கூரை மாற்றினார்கள். ஊரிலேயேதான் இருந்திருக்கிறார், எல்லாம் கண்ணால் பார்த்திருப்பார். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அவர், "எப்போ?" என்று கேட்டார். "எப்போடி? அப்புறம்?" என்று.

எனக்கு அதில் பாதிதான் கேட்டது. காற்று அந்தப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு சால் தள்ளி நின்றால் மீதியும் கேட்டிருக்கும். போகவில்லை. பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டிய நேரம் வரைக்கும் என் சாலிலேயே குனிந்து அறுத்தேன்.